பேணியைப் பார்த்துப் பெயர் சொல்லலாமா?

எங்கள் பக்கத்துக் குசினிகளில் பால்மாப் பேணி காலியானால் எறிவதில்லை. கழுவிக் காயவைத்துச் செத்தல் தூளைப் போட்டு வைப்போம். பிஸ்கட் பேணிக்குள் நெத்தலிக் கருவாடு இருக்கும், ஜாம் போத்தலில் சீரகம் இருக்கும். வீட்டுக்காரிக்கு எது எங்கே என்று அத்துப்படி. தேநீர் போட்டுத் தருகிறேன் என்று குசினிக்குள் நுழைந்த விருந்தாளிதான் திண்டாடுவார்.

தானே கட்டிய பைக்குள் வாழும் பைப்புழுக்களை வகைப்படுத்தும் பூச்சியியலாளர் அந்த விருந்தாளியைப் போலத்தான்.

படுவான்கரைப் பக்கம் வாவியோர வளவொன்றில் கொய்யா மரம் நின்றால் கிட்டப்போய்ப் பாருங்கள். சுண்டுவிரல் நீளத்தில், காய்ந்த குச்சிகளை நெடுக்காக அடுக்கிக் கட்டிய விறகுக்கட்டு ஒன்று கிளையில் தொங்கலாம். கொஞ்சம் பொறுத்தால் கட்டு அசையும். மேல்முனையில் ஒரு தலை எட்டிப் பார்த்து இலையைக் கடிக்கும். தொட்டீர்களோ, தலை உள்ளே போய்விடும். வாயும் சுருங்கி மூடிக்கொள்ளும். பைப்புழுக்களில் ஒன்றான இது எங்களுக்கு விறகுக்கட்டுப் புழு. சிங்களத்திலும் இதற்கு விறகுக்கட்டு என்ற பொருளில்தான் பெயர். முற்பிறப்பில் விறகு திருடியவர்களே இப்படிப் பிறக்கிறார்கள் என்று மக்கள் நம்பியதை, இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தமது 1861ஆம் ஆண்டு நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

பெட்டி பின்னும் முறை

ஓலைப்பெட்டி பின்னுகிறவர் அடியில் தொடங்கி விளிம்பில் முடிப்பார். பைப்புழுவும் அப்படியே. முட்டையை விட்டு வெளியே வந்ததும் தன் வாயில் சுரக்கும் பட்டுநூலால் ஒரு சிறு கூம்பைக் கட்டிக்கொள்கிறது. உடம்பு வளர வளர மேல்வாயில் புதிய துண்டுகளை ஒட்டுகிறது. அதனால் பையின் கீழ்நுனி பழசு, மேல்வாய் புதிது. தின்பதும் நடப்பதும் மேல்வாயால், எச்சம் விழுவது கீழ்வாயால். கூட்டுப்புழுவாகும் காலம் வந்ததும் மேல்வாயைப் பட்டால் கிளையோடு இறுகக் கட்டிவிட்டு, உள்ளே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். அன்றிலிருந்து அந்தப் பை உறிபோல அசையாமல் தொங்கும்.

பேணிக்குள் இரண்டு சரக்கு

கூட்டுப்புழுப் பருவம் முடிந்ததும் ஆண் இறக்கை முளைத்த அந்துப்பூச்சியாகிறது. கூட்டை உடைத்துக் கீழ்வாயால் வெளியேறிப் பறக்கிறது. வாய் உறுப்புகள் குன்றிப்போனதால் அது எதையும் உண்பதில்லை. சில நாளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பெண்ணின் கதை வேறு. பைப்புழுக் குடும்பத்தில் சில இனங்களின் பெண்ணுக்கு இறக்கை உண்டு. சிலவற்றில் கால் மட்டும் மிஞ்சும். எங்கள் விறகுக்கட்டுப் புழு போன்றவற்றில் இரண்டுமே இல்லை. முட்டை நிறைந்த ஒரு சதைப்பை, அவ்வளவுதான். அது வெளியே வருவதே இல்லை. வாசனையை மட்டும் காற்றில் விடும். ஆண் தேடி வந்து, நீளக்கூடிய தன் வயிற்றைப் பைக்குள் நுழைத்துச் சேர்ந்துவிட்டுப் போகும். பெண் உள்ளேயே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு மடியும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் ஆளுக்கொரு நூலில் தொங்கும். காற்று அடித்தால் அடுத்த மரம்.

பெயரிடுவதில் என்ன சிக்கல்?

அரிசி மாவில் அவித்தால் வெள்ளைப் புட்டு, குரக்கன் மாவில் அவித்தால் கறுத்த புட்டு. கை ஒன்று, நீத்துப்பெட்டி ஒன்று, மா மட்டும் வேறு. அதுபோல ஒரே இனம் கொய்யாவில் ஒரு விதமாகவும் சவுக்கில் வேறு விதமாகவும் பை கட்டலாம், கிடைக்கிற துண்டைப் பொறுத்து. பை சில வேளை நல்ல துப்புத் தரும் என்பதும் உண்மை. கண்டல் மரங்களில் வாழும் ஓர் ஆசிய இனம் இலைத்துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிப் பகோடா என்னும் புத்த கோபுரம் போல் கட்டும். அதன் பேரினத்துக்கே பகோடியெல்லா என்று பெயர். ஆனாலும் பையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. விறகுக்கட்டுப் புழு போன்றவற்றின் பெண்ணைப் பார்த்தாலோ ஒப்பிட இறக்கையும் இல்லை, காலும் இல்லை.

ஆகவே அந்துப்பூச்சி அறிஞர்கள் ஆணைப் பிடித்து இறக்கை நரம்புகளையும் இனப்பெருக்க உறுப்பையும் பார்த்தார்கள். பழைய அரும்பொருட் சேகரங்களில் விளக்கொளிக்கு வந்த ஆண் ஒரு பெட்டியில் இருக்கும், கிளையில் பறித்த பை வேறொரு பெட்டியில் இருக்கும். இரண்டும் ஒரே இனம்தானா என்று யார் சொல்வது? பூச்சியியலாளர் ஹாம்ப்சன் 1892இல் இந்தியா, இலங்கை, பர்மாவின் அந்துப்பூச்சிகளைத் தொகுத்தபோது ஒன்றுக்கு டெரோமா பிளேஜியோஃப்ளெப்ஸ் என்று பெயரிட்டார். அந்த இரண்டாம் சொல் கிரேக்கம். சாய்ந்த நரம்பு என்று பொருள். பெயர் பிறந்தது இறக்கையிலிருந்து, பையிலிருந்து அல்ல. புளிய மரத்தில் சில்லறைப் பூச்சியாக அறியப்பட்டிருந்த இதே இனம் பின்னாளில் கேரளத்தின் அல்பீசியா தோட்டங்களை மொட்டையடித்தது.

எங்கள் விறகுக்கட்டுப் புழுவுக்குப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் 1854இல் கிராமெரி என்று பெயர் வைத்தார். பழைய நூல்களில் அது கிளானியா பேரினம், இன்று யூமெட்டா. சரக்கு அதேதான், தட்டுத்தான் மாறியது. தோமஸ் சொப்சிக் 2011இல் வெளியிட்ட உலகப் பட்டியல் இக்குடும்பத்தில் சுமார் 1,350 இனங்களை அடுக்கியது.

மூடி திறக்காமல் ருசி பார்ப்பது

2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு ஒரு வழி சொன்னது. ஒரு குறிப்பிட்ட மரபணுவில் சுமார் 650 எழுத்துகளை வாசித்தால் போதும், பெரும்பாலான விலங்கினங்களைப் பிரித்தறியலாம். புழுவின் ஒரு துணுக்கும் பறக்கும் ஆணின் ஒரு காலும் ஒரே எழுத்துவரிசை காட்டினால் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகிவிடும். ஆனால் அந்த வரிசையை ஒப்பிட, பெயர் உறுதியான ஒரு மாதிரி முன்பே வேண்டும். அதற்குப் பழைய வழிதான்: கிளையோடு வெட்டி, போத்தலில் இட்டு, துணியால் வாய்கட்டிக் காத்திருப்பது.

நானும் ஒருமுறை காத்திருந்தேன். வந்தது அந்துப்பூச்சி இல்லை, சின்னஞ்சிறு குளவிக் கூட்டம். புழுவுக்குள் முட்டையிட்டுத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிகள். அரிசிப் பேணியைத் திறந்தால் வண்டு பறப்பது போல.

இன்னொரு கட்டு இப்போது போத்தலில் தொங்குகிறது. அம்மம்மா பேணிகளில் பிளாஸ்டர் ஒட்டி எழுதுவது போல நானும் ஒட்டியிருக்கிறேன்: ஊர், மரம், பறித்த திகதி. ஒவ்வொரு காலையும் பையின் கீழ்வாயைப் பார்க்கிறேன். பழுப்புத் தோடு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் வந்துவிட்டதென்று அர்த்தம். பெயர் எழுத விட்ட வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.