குணம் இறுகிவிடுகிறதா?

'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று சொல்லும்போது நாம் ஒரு மனிதரை விவரிக்க மட்டும் செய்வதில்லை. அவரோடு இனிப் பேசிப் பயனில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். கூட்டம் முடிந்து டீக்கடையில், 'அந்த ஆள் அப்படித்தான் தோழர், சாகிறவரைக்கும் மாறமாட்டான்' என்கிறபோதும் இதே தீர்ப்புதான். மனிதர் மாறமாட்டார் என்றால் அப்புறம் அரசியல் எதற்கு? கேள்வி அங்கே போய் நிற்கிறது.

முப்பது வயதுக்குள் குணம் சாந்துபோல் இறுகிவிடும் என்று 1890இல் எழுதினார் வில்லியம் ஜேம்ஸ். அது உலகுக்கு நல்லது என்பதும் அவர் கருத்து. ஏழைகளின் எழுச்சியிலிருந்து செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பது பழக்கமே என்று அதே அத்தியாயத்தில் ஒளிவில்லாமல் சொல்கிறார். மாறாத குணம் என்ற கருத்தாக்கம் யாருக்கு உதவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது.

பின்வந்த உளவியலாளர்கள் குணத்தை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: வெளிநோக்கு, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதியதற்கு இடங்கொடுத்தல். இவை முப்பதுக்குப் பிறகு பெரிதாக மாறுவதில்லை என்பது கோஸ்ட்டா, மெக்ரே இருவரின் வாதம். ஆனால் 'மாறுவது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஜீயபுரத்துக் காவிரிக்கரை வாழைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கன்றும் சில மாதத்தில் ஆள் உயரம் தாண்டிவிடும். ஆனாலும் நடும்போது நெட்டையாக இருந்த கன்றே பெரும்பாலும் பிறகும் நெட்டையாக நிற்கும். எல்லாம் வளர்ந்தது ஒரு செய்தி. வரிசை அதிகம் கலையவில்லை என்பது வேறு செய்தி. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

152 ஆய்வுகளைத் தொகுத்து ராபர்ட்ஸும் டெல்வெக்கியோவும் 2000இல் வரிசையை அளந்தார்கள். வரிசை கொஞ்சமும் கலையாவிட்டால் 1 என்று கொண்டால், குழந்தைப் பருவத்தில் அது 0.31, முப்பது வயதில் 0.64, ஐம்பதுக்கு மேல் 0.74. கூடிக்கொண்டே போகிறது, ஆனால் ஒன்றைத் தொடுவதில்லை. 2006இல் 92 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் சராசரி மனிதரிடம் பொறுப்புணர்வும் மனஅமைதியும் அதிகம் கூடுகின்றன என்று தெரிந்தது. பரம்பரைக்கு இதில் பங்குண்டு. வேலை, குடும்பம், தலையில் விழும் பொறுப்புகள் ஆகியவற்றுக்கும் உண்டு.

இந்த அளவுகோல் பெரும்பாலும் மேற்கில், படித்தவர் நிரப்பிய வினாத்தாளில் பிறந்தது. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் 2013இல் வெளிவந்த ஆய்வு, இந்த ஐந்து கூறுகளை அதே வடிவில் காணவில்லை. ஆகவே எண்களைக் கையாளலாம், கும்பிட வேண்டியதில்லை.

இனி திருச்சிக்கே வருவோம். 1881இல் வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் லண்டன் இந்தியா ஹவுஸில் ஆயுதப் புரட்சியை நம்பியவர். 1910இல் புதுச்சேரிக்குத் தப்பி வந்தார். பிறகு காந்திய வழிக்குத் திரும்பி, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப்பந்தி என்ற விவகாரம் வெடித்தபோது, பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று நின்றார். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள். 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப்போய் ஐயர் இறந்துபோனார்.

இறந்தவருக்கு வினாத்தாள் கொடுக்க முடியாது. ஆனாலும் ஒரு வாசிப்பு சாத்தியம். துப்பாக்கியிலிருந்து ராட்டைக்கு வந்தவரை 'மாறாதவர்' என்று யார் சொல்லமுடியும்? கொள்கை தலைகீழாக மாறியிருக்கிறது. சொன்ன சொல்லில் நிற்கும் பிடிவாதம் மட்டும் அப்படியே இருந்திருக்கலாம். லண்டனில் அது புரட்சிக்கு உழைத்தது. குருகுலத்தில் பந்தியைப் பிரிக்க உழைத்தது. பொறுப்புணர்வு என்கிற கூறுக்குத் தனக்கென்று அரசியல் கிடையாது. எதற்குப் பொறுப்பு, யாருக்குக் கொடுத்த வாக்கு என்பதைக் கருத்தியல்தான் நிரப்புகிறது.

இந்த வேறுபாட்டை அழிப்பதே அதிகாரத்தின் வேலை. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களுக்கே பிறப்பிலேயே குணம் எழுதியது. சென்னை மாகாணத்துக்கு அது 1911இல் நீண்டது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச்சூடு நடந்தது. நாடு முழுக்கச் சட்டம் நீங்க 1952 ஆயிற்று. வருணத்தைக் குணத்தால் நியாயப்படுத்தும் பழைய வாதமும் இதற்கு உறவுதான்.

ஆகவே இரண்டு தவறுகளைத் தவிர்க்கலாம். 'எவனும் மாறமாட்டான்' என்பது எண்களின்படியே பொய். 'நல்லா எடுத்துச்சொன்னா எல்லாரும் மாறிடுவாங்க' என்பதும் அவ்வளவுதான். ஐம்பது வயதில் வரிசை லேசில் கலையாது. ஆனால் சாதி ஒழியப் பிடிவாதக்காரர் சாதுவாக வேண்டியதில்லை, கூச்சக்காரர் வாயாடியாக வேண்டியதில்லை. ஒரே பந்தியில் உட்காரக் குணம் மாறும்வரை காத்திருக்க வேண்டுமா? பந்தியை மாற்றினால் போதாதா?