ஆங்கிலத்தில் எத்தனை மார்க்? அந்த எண் சொல்வதும் சொல்லாததும்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிற நாள். மதிப்பெண் உங்கள் போனுக்கே வந்துவிடுகிறது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து எண்கள். பக்கத்து வீட்டில் முதலில் கேட்பது என்னமோ ஒன்றைத்தான்: "இங்கிலீஷ்ல எவ்வளவு?"

80 வந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனா அடுத்த மாதமே பாலிடெக்னிக் சேர்க்கைக்குப் போன இடத்தில், ஒரு சின்னக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டதும் அதே பிள்ளை பேசாமல் நிற்கிறது. 38 வாங்கிய பிள்ளைக்கோ, "உனக்கு இங்கிலீஷ் வராது" என்று முத்திரை குத்தியாச்சு. இரண்டு வீட்டிலும் நடந்தது ஒன்றுதான். அந்த எண் எதை அளந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உங்க நெல்லை ஈரப்பத மீட்டரில் போட்டுப் பார்ப்பார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீதம். அந்த மீட்டர் ஈரத்தைச் சொல்லும். ஆனால் சோறு எப்படி இருக்கும், அரைத்தால் எவ்வளவு நொய் விழும் என்று அது சொல்லாது. அதற்காக மீட்டர் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டோம். அதன் வேலை அவ்வளவுதான். ஆங்கிலத் தேர்வையும் அப்படிப் பாருங்க.

மூன்று மணி நேரத்தில் எதை அளக்கிறார்கள்?

முன்பு பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் அது ஒரே தாளாக மாறியது. கொரோனா காரணமாக 2020, 2021 ஆண்டுகளில் பொதுத்தேர்வு நடக்கவில்லை. அதனால் ஒரே தாள் முறையில் மாணவர்கள் முதன்முதலாக எழுதியது 2022 மே மாதத்தில்தான்.

தாளுக்கு 100 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். அறிவியல் மாதிரி செய்முறைத் தேர்வுக்கு என்று தனி மதிப்பெண் இதில் கிடையாது. 100-ம் எழுத்துதான். கேள்வித்தாளைப் படிக்க 10 நிமிடம், விவரங்களைப் பூர்த்தி செய்ய 5 நிமிடம், அதன் பிறகு எழுத 3 மணி நேரம்.

மதிப்பெண் இப்படிப் பிரிகிறது:

• ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இணைச்சொல், எதிர்ச்சொல், பன்மை, முன்னிடைச்சொல் போன்றவை.
• இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20. உரைநடை, செய்யுள், இலக்கணம். கூடவே ஒரு வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லும் கட்டாயக் கேள்வி.
• ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50. பாடத்திலிருந்து பத்தி, கடிதம், விளம்பரம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது, பிழை திருத்தம், மனப்பாடப் பாடல்.
• எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு, ஆக 16. துணைப்பாடக் கதையும், ஒரு பகுதியைப் படித்துப் பதில் எழுதுவதும்.

கூட்டிப் பார்த்தால் 100. உங்க பிள்ளை எழுதப்போகிற ஆண்டின் மாதிரி வினாத்தாளையும் பள்ளியில் கேட்டு வாங்கி, ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படியுங்க. இதில் படித்தல் இருக்கு, எழுதுதல் இருக்கு, நினைவாற்றலும் இருக்கு. கேட்டல் இல்லை, பேசுதல் இல்லை. ஒரு மொழிக்கு நான்கு திறன்கள் என்கிறோம்: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். பாடநூலில் நான்குக்கும் பயிற்சிகள் இருக்கு. பொதுத்தேர்வு மதிப்பெண் வருவது கடைசி இரண்டிலிருந்துதான். பல லட்சம் மாணவர்கள் ஒரே நேரத்தில் எழுதும் தேர்வில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச வைத்து, எல்லா ஊரிலும் ஒரே அளவுகோலில் மதிப்பிடுவது லேசான வேலையில்லை.

இன்னொன்றும் உண்டு. பாடத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு நன்றாக மனப்பாடம் செய்தே கணிசமான மதிப்பெண் எடுத்துவிடலாம். படிக்காத ஒரு பத்தியைக் கொடுத்தால் புரியுமா என்பது வேறு விஷயம். இரண்டு பிள்ளைகள் 70 வாங்கியிருக்கலாம். ஒருவர் புரிந்து வாங்கியது, இன்னொருவர் உருப்போட்டு வாங்கியது. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் 70-தான்.

கும்பகோணத்தில் நடந்தது

ஒரு தேர்வு ஒருவரைப் பற்றி எவ்வளவு சொல்லும்? இதற்கு நம்ம மாவட்டத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கு.

1897 நவம்பரில் கும்பகோணத்துச் சிறுவன் ஒருவன் தொடக்கக்கல்வித் தேர்வு எழுதினான். பாடங்கள் ஆங்கிலம், தமிழ், புவியியல், கணக்கு. மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண். பிறகு டவுன் உயர்நிலைப் பள்ளி. 1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே கணக்கிலேயே மூழ்கிப் போனதால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறினான். உதவித்தொகை கையை விட்டுப் போனது.

அந்த மாணவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

அதே ராமானுஜன் 1913 ஜனவரி 16 தேதியிட்டு, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபடியே, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில்தான். தான் யார், என்ன செய்திருக்கிறேன், என்ன உதவி வேண்டும் என்று சொல்லி, தன் கணித முடிவுகளை இணைத்து அனுப்பினார். அந்தக் கடிதம் அவரை இங்கிலாந்து வரை கொண்டுபோனது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

இதைப் படித்துவிட்டு "அப்ப இங்கிலீஷ் பரீட்சை முக்கியமில்லை" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு தோல்வி அவருக்கு உதவித்தொகையையும், கல்லூரிப் படிப்பையும், பல வருஷ நிம்மதியையும் பறித்தது. தேர்வுக்கு விலை உண்டு. ஆனால் பத்து வயது நிறையும் முன்பே மாவட்ட முதல், அடுத்த சில வருஷத்தில் தோல்வி, அதன் பிறகு உலகம் அறிந்த ஒரு ஆங்கிலக் கடிதம், மூன்றும் ஒரே மனிதருடையவை. எந்த ஒரு தேர்வும் அவரை முழுதாகச் சொல்லிவிடவில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம், உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும்

"நாங்க படிக்கலை, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பல பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். கையில் போன் இருந்தால் போதும். வாரத்துக்கு ஒரு நாள், கால் மணி நேரம்.

1. படித்தல். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மழை அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. ஆங்கில அறிக்கையைப் பிள்ளையிடம் கொடுங்க. படித்துவிட்டு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் நாளைக்கு என்ன என்று தமிழில் சொல்லச் சொல்லுங்க. தமிழ் அறிக்கையை நீங்க வைத்துக்கொள்ளுங்க. சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும். இது பாடப்புத்தகத்தில் இல்லாத பத்தி, மனப்பாடம் செய்ய முடியாது. மழையைப் பற்றி உங்களை ஏமாற்றவும் முடியாது!

2. கேட்டல். ஆங்கில வானொலிச் செய்தியில் ஒரு நிமிடம் போடுங்க. யார், என்ன, எங்கே, எப்போது என்ற நான்கையும் தமிழில் சொல்லட்டும். முதல் வாரம் ஒன்றுகூடப் பிடிபடாமல் போகலாம். மேட்டூர் அணை நீர்மட்டம், ஜூன் 12 தண்ணீர் திறப்பு மாதிரி உங்களுக்கே தெரிந்த செய்தியாக இருந்தால் இன்னும் நல்லது. விஷயம் தெரிந்திருந்தால் காது பாதி வேலையை முடித்துவிடும்.

3. பேசுதல். பொதுத்தேர்வில் வரைபடம் பார்த்து வழி எழுதுவது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதையே வாயால் சொல்ல வையுங்க. நம்ம தெருவிலிருந்து பேருந்து நிலையத்துக்கோ, ரேஷன் கடைக்கோ எப்படிப் போவது என்று ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசட்டும். போனில் பதிவு பண்ணுங்க. எத்தனை தடவை நின்றது, எவ்வளவு நேரம் மௌனம் என்று கேட்டாலே உங்களுக்குப் புரியும். ஒரு மாதம் கழித்து அதே வழியை மறுபடி பதிவு செய்து, இரண்டையும் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்க. போனில் குரல்வழித் தட்டச்சையும் முயலலாம். ஆனால் போன் தப்பாக எழுதினால் உடனே பிள்ளை தப்பு என்று முடிவு செய்யாதீங்க. நம்ம உச்சரிப்பு சில நேரம் போனுக்குப் பிடிபடாது.

4. எழுதுதல். தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ஐந்தாறு வரி போதும். யாருக்கு, என்ன பிரச்சினை, எந்த இடம், என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்கா என்று பாருங்க. எழுதியதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கால் மணி நேரத்தில் திட்டக் கூடாது, அக்கா தங்கையோடு ஒப்பிடக் கூடாது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தையும் வாயில் வராது. அப்போது நீங்க அளப்பது ஆங்கிலத்தை இல்லை, பயத்தை.

பள்ளியில் நடக்கும் மற்ற சோதனைகள்

எல்லாத் தேர்வும் பாஸ், ஃபெயில் சொல்வதற்காக வைப்பதில்லை. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் இருந்தது. அது மாவட்டத்தின் நிலையை அறிவதற்கு. தனி மாணவருக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது.

அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டில் தொடங்கிய 'திறன்' இயக்கம் இன்னொரு வகை. 6 முதல் 9 ஆம் வகுப்பு வரை தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படையில் பின்தங்கியவர்களை ஒரு சோதனை மூலம் கண்டறிந்து பயிற்சி கொடுப்பது இதன் நோக்கம். உங்க பிள்ளை பெயர் அதில் வந்தால் அவமானமாக நினைக்காதீங்க. எந்த இடத்தில் தடுமாற்றம் என்று பத்தாம் வகுப்புக்கு முன்பே தெரிந்துவிட்டது. சரி செய்ய நேரம் இருக்கு.

உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியாக இருந்தால், ஆங்கிலம் கேட்கும் பயிற்சி அங்கே நடக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்க. அது உங்க உரிமை.

தேர்வுக்கு முன்னும் பின்னும் தெரிந்திருக்க வேண்டியவை

• கற்றல் குறைபாடு, செவித்திறன் அல்லது பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்குத் தேர்வில் சலுகைகள் உண்டு. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்றவை குறைபாட்டின் தன்மையைப் பொறுத்துக் கிடைக்கும். மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் சிரமம்.

• மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால், முடிவு வெளியாகும்போதே மறுகூட்டல் உள்ளிட்ட வாய்ப்புகளுக்கான தேதியையும் கட்டணத்தையும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும். கால அவகாசம் சில நாட்கள்தான். அன்றே பள்ளியில் கேட்டுவிடுங்க.

• ஆங்கிலத்தில் மட்டும் 35 வரவில்லை என்றால், அந்த ஒரு பாடத்தை மட்டும் அதே ஆண்டு துணைத்தேர்வில் எழுதலாம். தேர்ச்சி பெற்றால் ஒரு வருஷம் வீணாகாது.

• மதிப்பெண் சான்றிதழை டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம்.

• பள்ளிக்கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417. மன அழுத்தம், பயம் என்றால் 104. ரிசல்ட் அன்று பிள்ளை அமைதியாகிவிட்டால், இரண்டாவது எண்ணை யோசிக்காமல் அழையுங்க.

அடுத்த முறை யாராவது "இங்கிலீஷ்ல எவ்வளவு?" என்று கேட்டால், எண்ணைச் சொல்லுங்க, தப்பில்லை. அன்று சாயங்காலம் பிள்ளையிடம் மட்டும் வேறு மாதிரி கேளுங்க: "நாளைக்கு மழை வருமா? இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு."