குழந்தையின் தசைபலம்

"என் கையை எதிர்த்துத் தள்ளு" என்று சொல்லி, 0 முதல் 5 வரை மதிப்பிட்டுப் பெரியவர்களின் தசைபலத்தை வைத்தியர்கள் கணிக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தை அதற்கு இசையுமா? சிரிக்கும்; இல்லையேல் அழும். ஆகவே அதன் பலத்தை விளையாட்டில்தான் காண வேண்டும்.

தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பொம்மையை உயர்த்திக் காட்டுங்கள். பலமுள்ள குழந்தை சட்டென்று எழுந்துவிடும். இடுப்புத் தசைகள் நலிந்த குழந்தையோ குப்புறத் திரும்பி, முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கையூன்றி, தன் உடலையே ஏணியாக்கி நிமிரும். லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் 1879-ல் விவரித்த இக்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் கொடியது, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பற்றும் டூஷேன் தசைநோய். கெண்டைக்கால் பருத்திருந்தால் 'நல்ல புஷ்டி' என்று பூரிக்கிறோம். படியேறத் தயங்கினால் 'சோம்பேறி' என்று வைகிறோம். இரண்டுமே அந்நோயின் அடையாளமாக இருக்கலாம்! ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் அளவைச் சோதித்தால் முதல் துப்புக் கிடைக்கும். நோயை அடியோடு போக்கும் மருந்து இல்லையெனினும், தக்க சிகிச்சையால் பிள்ளை நடமாடும் காலத்தை நீட்டிக்கலாம்.

தாய்மார்களே, பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அவன் தரையிலிருந்து எழுவதை ஒருமுறை உற்று நோக்குங்கள்.