இருவர் இரு பொருள் சொன்னால் யார் சரி?

"பள்ளியைத் திங்கட்கிழமை மூடிவிட்டார்கள்." இதில் பள்ளி என்பது கட்டடமா, கல்வி நிறுவனமா? கணினிக்கு மொழி கற்பிக்கத் தரவு தயாரிப்பவர்கள், வாக்கியத்தில் வரும் சொல்லுக்கு அகராதியிலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்து குறிக்க வேண்டும். இருவர் தனித்தனியே, ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல் குறிப்பார்கள். ஒருவர் கட்டடம் என்பார், மற்றவர் நிறுவனம் என்பார். வாக்கியம் இருவருக்கும் நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் நெடுநாளாக உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட் என்ற மின்னகராதி, 'ஸ்கூல்' என்ற சொல்லுக்குக் கட்டடம், நிறுவனம், பள்ளி நேரம், ஆசிரியர் மாணவர் கூட்டம் என்று பொருள்களை நுணுக்கமாகப் பிரிக்கிறது. அதை வைத்து 2004-இல், கணினி நிரல்கள் சொற்பொருளை எவ்வளவு சரியாகக் கண்டறிகின்றன என்று சோதிக்கும் சென்செவல் போட்டிக்காக ஆங்கில உரைகளுக்குப் பொருள் குறித்தபோது, இருவர் ஒத்துப்போனது சுமார் 72 விழுக்காடுதான்.

அந்த விழுக்காட்டையும் அப்படியே நம்பக் கூடாது. ஒரு சொல் பத்தில் ஒன்பது இடங்களில் ஒரே பொருளில் வந்தால், சரியாகப் படிக்காமல் அதையே குறித்துத் தள்ளும் இருவரும் ஒத்துப்போய்விடுவார்கள். தற்செயலாக அமையும் இந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவது, ஜேக்கப் கோஹன் 1960-இல் வகுத்த கப்பா அளவு.

முரண்பாட்டை எப்படித் தீர்ப்பது? மூன்றாமவரைக் கூட்டி வந்து வாக்கெடுக்கலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முரண்பாடு ஏன் வந்தது என்பது தெரியாமலே போய்விடும் என்பதால் எனக்கு இதில் உடன்பாடில்லை. இதேபோல உரைகளுக்குப் பொருள் குறித்த ஆன்டோநோட்ஸ் என்ற திட்டத்தார் செய்ததே முறை. ஒரு சொல்லுக்கு முதலில் 50 வாக்கியங்களை இருவரிடம் கொடுத்தார்கள். ஒற்றுமை 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், குறித்தவர்களைக் குறை சொல்லாமல் பொருள் பட்டியலைத் திருத்தினார்கள். பிரித்தறிய முடியாத பொருள்களை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி குறிக்கச் சொன்னார்கள். அதன் பிறகும் மிஞ்சிய முரண்பாடுகள்தான் நடுவரிடம் போயின.

சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. ஆற்றின் கரையையும் பணம் போடும் வங்கியையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் அவ்விரு பொருள்களை ஒன்றாக்கினால், மொழிபெயர்ப்புக்கு அந்தத் தரவு உதவாது. சில வாக்கியங்களோ உண்மையிலேயே இரு பொருளையும் தாங்கி நிற்கும். அங்கே இரண்டையும் குறிக்க அனுமதிப்பதுதான் நேர்மை. நடுவர் முடிவெடுத்த இடத்திலும், முதல் இருவர் குறித்ததை அழிக்காமல் காரணத்தோடு கோப்பில் வைக்க வேண்டும். அது இல்லையென்றால், நடுவரே தவறியிருந்தாலும் பின்னால் வருபவர் அதைக் கண்டுபிடிக்க வழியிருக்காது.