கணினி வரைந்தால் போதுமா?



ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் வாழும் நமக்குத் தோலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்பதை 1954-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அது மடியும் விதத்தைப் பொறுத்தே அதன் வேலை அமையும். இயற்கையில் இல்லாத புதிய புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக அமெரிக்காவின் டேவிட் பேக்கர் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரது ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த புரதத்தைக் கொண்டு உருவான கொரோனா தடுப்பூசிக்குத் தென்கொரியா 2022-இல் அனுமதி அளித்தது.

அப்படியானால் கணினி வரைந்ததும் மருந்து தயாரா? இல்லை. காலணியின் படம் கணினியில் எவ்வளவு அழகாக இருந்தாலும், சாம்பிள் தைத்து, மடக்கி, இழுத்து, நனைத்துப் பார்த்த பிறகுதானே ஆர்டர் போகிறது! புரதமும் அப்படியே. முதலில் அதற்கான மரபணுவைச் செய்து பாக்டீரியாவிலோ வேறு உயிரணுவிலோ செலுத்துகிறார்கள். புரதம் உருவாகிறதா, நீரில் கரைகிறதா, சரியாக மடிகிறதா, சூட்டைத் தாங்குகிறதா, பற்ற வேண்டியதைப் பற்றுகிறதா, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். பெரும்பாலானவை வழியிலேயே தோற்றுவிடுகின்றன. தேறுபவை விலங்குகளிலும், இறுதியாக மனிதரிலும் சோதிக்கப்படுகின்றன.

இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு நம் வேலூரிலேயே உண்டு. ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிகளுக்கு இரத்தத்தை உறையச்செய்யும் 'காரணி 8' என்னும் புரதம் குறைவு. இந்தப் புரதத்தின் சில பகுதிகளுக்குப் பதிலாகப் பன்றியின் அதே புரதப் பகுதிகளைப் பொருத்தி, உயிரணுக்கள் அதை அதிகமாகச் சுரக்கும்படி அமெரிக்க ஆய்வாளர்கள் வடிவமைத்தார்கள். இது முழுவதும் கணினி வரைந்ததன்று. எனினும் மனிதர் மாற்றியமைத்த புரதமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் அலோக் ஸ்ரீவத்சவா குழுவினர், அதற்கான மரபணுவை நோயாளிகளின் சொந்தக் குருத்தணுக்களில் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். பங்கேற்ற 5 பேருக்கும் கண்காணிப்புக் காலத்தில் இரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்த 5 பேரும் இதற்காகக் கடுமையான கீமோதெரபி மருந்துகளைத் தாங்கினார்கள். மனிதர் எவரும் வெறும் சோதனைப் பொருள் அல்லர் என்பது திருச்சபையின் போதனை. ஆகவே ஆபத்துகளை நம் தாய்மொழியில் கேட்டறிந்து, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையோடு தரும் சம்மதமே உண்மையான சம்மதம்.

நம் பங்குகளில் இந்நோயுள்ள குடும்பங்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஐவரிடம் கிடைத்த முடிவு நம்பிக்கை தருகிறது, ஆனால் அது இன்னும் எல்லாருக்குமான சிகிச்சை அன்று. செய்தியைப் படித்துவிட்டு, இப்போது போடும் ஊசியை மருத்துவரைக் கேளாமல் நிறுத்திவிடக் கூடாது. பொறுமையோடு சோதிப்பவர்களையும், பிறருக்காகத் தங்கள் உடலையே முன்வந்து தந்தவர்களையும் நன்றியோடு நினைப்போம்.