மேசைமேல் ஓர் உலகம் – 7: நிலம் பெற்ற பாத்திரங்கள்

உலு கிள்ளானின் மலைச்சரிவில் பிறந்து, கோலாலம்பூரில் கொம்பாக் ஆற்றோடு கலந்து, ஷா ஆலம் என்று இன்று வழங்கும் சமவெளியைக் கடந்து, சதுப்புநிலக் காடுகளுக்கிடையே கடலைச் சேரும் கிள்ளான் நதியின் போக்கையே ஆதாரமாகக் கொண்டு, நம்முடைய கற்பனை தேசத்தின் படத்தைச் சென்ற வாரம் வரைந்து முடித்தோம். படம் வரைந்த மாத்திரத்தில் தேசம் பிறந்துவிடுவதில்லை. அங்கே வாழ்பவர் யார், என்ன தொழில் செய்து ஜீவிக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே, அந்தத் தேசத்தில் நடமாடுவதற்கு ஒரு பாத்திரத்தை ஆட்டக்காரர் கையில் ஒப்படைக்க முடியும்.

இத்தொடரை இந்த வாரம் முதன்முதலாகப் படிப்போருக்காகச் சில வார்த்தைகள் சொல்கிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் உலகத்தையும் அதன் நிகழ்ச்சிகளையும் வருணித்துச் செல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசியும் செயல்பட்டும், முடிவு சந்தேகமாயிருக்கும் கட்டங்களில் பகடையை உருட்டியும் ஒரு கதையை வளர்ப்பதே இந்த விளையாட்டு. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு மூலம். ஒரு பாத்திரத்தால் எது இயலும், எது இயலாது என்று வரையறுக்கும் ஏற்பாட்டை ஆட்டக்காரர்கள் ‘கிளாஸ்’ என்கிறார்கள். முதல் பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என்று மூன்றே கிளாஸ்கள் இருந்தன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலில் அவை பன்னிரண்டாகப் பெருகிவிட்டன.

நம் இளைஞர்கள் சொந்தமாக ஓர் உலகத்தைப் படைக்கப் புகும்போது, இந்தப் பன்னிரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு பெயரையும் உடையையும் மட்டும் மாற்றிவிடுகிறார்கள். கவசம் பூண்ட ஐரோப்பிய வீரன் சோழ வீரனாகிறான், சமயகுரு பூசாரியாகிறார், திருடன் திருடனாகவே நின்றுவிடுகிறான். பெயர் தமிழாயிருப்பினும் அவர்களுடைய பலமும் பலவீனமும், ஆசையும் அச்சமும் வேறொரு நிலத்தில் விளைந்தவை. ஆகையால் ஆட்டம் ஒரு மணி நேரம் நடப்பதற்குள்ளாகவே அவர்கள் நம் நதிக்கரையை மறந்து, படித்துப் பழகிய ஐரோப்பியக் கோட்டைகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இதைத் தழுவல் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை.

அந்த மூல விளையாட்டின் கிளாஸ்கள் எப்படிப் பிறந்தன என்பதை அறிந்தவர்கள் இத்தகைய மேலோட்டமான மாற்றத்தோடு திருப்தியடைய மாட்டார்கள். ஆர்னெசனின் மேசையில் ஒருவர் ஸர் ஃபாங் என்ற இரத்தக்காட்டேரியாக ஆடி, மற்றவரால் அடக்க முடியாத வல்லமை பெற்றுவிட, அவரை எதிர்ப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டதனால் உண்டானவரே சமயகுரு. ஒருமுறை பிரயோகித்த மந்திரம் மந்திரவாதியின் நினைவிலிருந்து அகன்றுவிடும் என்ற விதி, ஜாக் வான்ஸ் 1950-இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ கதைகளிலிருந்து வந்தது. விரதம் பூண்ட வீரனாகிய பாலடின், போல் ஆண்டர்சனின் நாவலுக்குக் கடன்பட்டவன். காடறிந்த ரேஞ்சர், டோல்கீனின் அரகோர்னுக்குக் கடன்பட்டவன். உலகப் பொதுவென்று நாம் நினைத்திருந்தவை யாவும் ஒரு குறிப்பிட்ட மேசையில், குறிப்பிட்ட சிலர் விரும்பிப் படித்த நூல்களிலிருந்து எழுந்தவையே. அவர்கள் தம் நூலலமாரியிலிருந்து எடுத்துக்கொண்ட அதே சுதந்திரத்தோடு நாமும் நம்முடையதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம்முடைய அலமாரியில் இந்தக் காரியத்துக்கென்றே எழுதியதுபோல் ஒரு நூல் இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முதலில் வைத்து, அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று அடுத்து வைத்து, அங்கே மனிதர் நடத்தும் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்று அவற்றோடு இணைக்கிறது. குறிஞ்சிக்குரிய வேட்டுவனை எடுத்து நெய்தலில் நிறுத்தினால் அவன் பாதி மனிதனாகிவிடுகிறான். ஏனெனில் அவன் உண்ணும் தேனும் தினையும், அஞ்சும் விலங்கும், வணங்கும் தெய்வமும் அங்கே இல்லை. கிளாஸ் படைப்போருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாத்திரத்தை முதலில் செய்து நிலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை விட்டு, நிலத்தை முதலில் வைத்து அதனிடமிருந்து பாத்திரத்தைப் பெறுவதே நாம் கைக்கொள்ள வேண்டிய முறை.

இந்த முறையைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிரயோகித்துப் பார்க்கும்போது என்னை மிகவும் ஈர்ப்பது பாலை. மழை ஓயாத இந்த நாட்டில் பாலைக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கக்கூடும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் கூறியிருக்கிறார். அந்த இலக்கணப்படி நமக்குப் பாலை உண்டு. 1857-இல் ராஜா அப்துல்லா அம்பாங்குக்கு அனுப்பிய 87 சீனத் தொழிலாளரில், காட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி ஒரு மாதத்தில் எஞ்சியவர் 18 பேர். அவர்கள் தொடங்கிய ஈயத் தொழில் நூறாண்டுக்கு மேல் இப்பள்ளத்தாக்கைத் தோண்டிச் சலித்து, காட்டை அழித்து, வெண்மணல் மேடுகளையும் ஆழந்தெரியாத ஈயக்குட்டைகளையும் விட்டுச் சென்றது. 1985 அக்டோபரில் சர்வதேச ஈய மன்றம் நிலைகுலைந்து விலை வீழ்ந்தபோது மிச்சமிருந்த சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடுண்டன. இன்று பண்டார் சன்வேயில் நீர்விளையாட்டுக்குக் கூடும் ஜனங்கள், அப்படிப்பட்ட பழைய சுரங்க நிலத்தின்மேல்தான் நிற்கிறார்கள். நமது கற்பனை தேசத்தில் இந்த மணல்வெளியே பாலை. ஈயம் ஓய்ந்தபின் போக்கிடமின்றி வழிப்பறியில் இறங்கியவர்களே அதன் எயினர். ஐரோப்பிய நகரத்தின் கள்வர் சங்கம் நமக்கு எதற்கு? மூல விளையாட்டின் திருடன் பூட்டுத் திறப்பதிலும் நிழலில் மறைவதிலும் தேர்ந்தவன். நம்முடைய எயினனோ குட்டையின் எந்த ஓரத்தில் மணல் உள்வாங்கும், எந்தக் கால்வாயில் நீர் ஓடும் என்று அறிந்தவன். அவனுக்குக் கொற்றவையின் துணையும் உண்டு.

மந்திரவாதியின் ஸ்தானத்துக்கு வருவோம். சிலாங்கூரில் ஆங்கில ஆட்சியின் உத்தியோகஸ்தராயிருந்த வால்டர் வில்லியம் ஸ்கீட், 1900-இல் ‘மலாய் மாஜிக்’ என்ற பெரிய நூலொன்றை வெளியிட்டார். பாவாங் எனப்படும் மலாய் மாந்திரிகரைப் பற்றி அதில் ஏராளமான செய்திகள் இருக்கின்றன. பாவாங் புத்தகத்தைத் திறந்து நெருப்புருண்டை எறிபவர் அல்லர். சுரங்கத்துக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர், வனத்துக்கு ஒருவர், நெற்பயிருக்கு ஒருவர் என்று தொழிலோடு பிணைந்தவர். ஈயம் உயிருள்ளது, தானே இடம் பெயர்ந்து செல்ல வல்லது என்று சுரங்கத்தார் நம்பினர். அதன் மனம் கோணாதிருக்கச் சுரங்கத்துக்குள் காலணி அணிவதையும் குடை விரிப்பதையும் விலக்கினர். யானை முதலிய சில விலங்குகளின் பெயரை அங்கே உச்சரியாமல் வேறு சொற்களால் சுட்டினர். கற்பூரம் தேடி வனம் புகுந்தோருக்கோ தனியாக ஒரு பாஷையே இருந்தது.

இதை ஆட்டவிதியாக்கும்போது கிடைக்கும் ஆனந்தத்தை நான் அனுபவித்திருக்கிறேன். சுரங்கத்தில் காலடி வைத்ததும், பாவாங்காக ஆடுபவர் விலக்கப்பட்ட சொற்கள் சிலவற்றை மேசையில் உள்ளவர்களுக்கு அறிவித்துவிட வேண்டும். வெளியே வரும்வரை அச்சொற்களை யாரும், தம் பாத்திரத்தின் குரலிலோ சொந்தக் குரலிலோ, வாய்தவறியும் சொல்லலாகாது. சொன்னால் ஈயம் விலகிப்போகும், பாவாங்கின் பலம் ஒரு படி இறங்கும். பகடையோ கணக்கோ இல்லாமல், மேசையில் வீற்றிருக்கும் அத்தனை பேருடைய நாவும் மந்திரத்தின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அடுத்தவர் பேச வாயெடுக்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் நோக்கும் அந்தக் கவலை நிறைந்த மௌனத்தை மூலநூலின் எந்த மந்திரப் பட்டியலும் எனக்கு அளித்ததில்லை.

நதி சமவெளிக்கு இறங்கினால் நம்முடைய சொந்தச் சரித்திரம் எதிர்ப்படுகிறது. 1978-இல் சிலாங்கூரின் தலைநகராவதற்கு முன் ஷா ஆலம், ரப்பரும் செம்பனையும் விளைந்த சுங்கை ரெங்கம் தோட்டமாயிருந்தது. ரேஞ்சருக்குப் பதிலாக இங்கே நான் வைப்பது பால்வெட்டுக்காரரை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தமக்குரிய நிரையில் மரம் மரமாக நடந்து, பட்டையின் ஆழத்தை விரலால் அறிந்து கத்தியை இழுத்து மங்கில் பாலை ஏந்திய அவர்கள், இருட்டில் பாம்பையும் புலித்தடத்தையும் அடையாளம் கண்டவர்கள். ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் இருந்தார்கள். அந்தக் கண்ணையும் செவியையும் கையையும் விதியாக்கினால் எல்லாம் கிடைத்துவிடும். கங்காணியின் விஷயம் சிக்கலானது. தம் ஊராரையே கடல் கடத்திக் கொணர்ந்து, ஆளுக்கு இவ்வளவென்று தலைக்காசு வாங்கி, கடனால் அவர்களைப் பிணைத்த கங்காணிக்குப் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் உண்டு. கத்தியும் மந்திரமும் இல்லாமலே வல்லமை உண்டு. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை அந்த ஆட்சேர்ப்பு நீடித்தது. கங்காணியை ஆட்டக்காரர் ஏற்கும் கிளாஸாக வைப்பதா, எதிரியாக வைப்பதா என்று நெடுநாள் யோசித்தேன். ஏற்கலாம், ஆனால் பிறருடைய கடனை மன்னிக்கும்போது மட்டுமே அவர் படி உயர்வார் என்று விதித்தேன். பழைய பதிப்புகளில் பொன்னைக் கொள்ளையிட்டுக் கொணர்ந்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். நம் தேசத்தில் அது செல்லாது.

துறைமுகத்தைப் பற்றி மிகச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்குத் தனி அத்தியாயம் வரவிருக்கிறது. தாய்லாந்தின் தகுவாப்பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் காவலில் விடுகிறது. சுமத்திராவின் பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு மரக்கலத்தார் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தை விதிக்கிறது. வணிகருக்கென்று படையும், அப்படையினருக்கென்று எறிவீரப்பட்டினங்களும் இருந்தன. அரசனுக்கன்றி ஒரு வணிகச் சபைக்குப் பிரமாணம் செய்த அந்த வீரன், நெய்தலில் நமக்குரிய போர்வீரன்.

சமயகுருவின் இடத்தை நிரப்புவதற்கு, பத்துமலையில் 1892 முதல் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வரும் மக்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது நேர்த்திக்கடனின் நியாயம். வேண்டுதல் வைத்தவருடைய திடம் விரதநாள் ஏற ஏற வளர்ந்து, கடனைச் செலுத்தும் அன்று உச்சத்தை அடைந்து, செலுத்திய மறுகணம் அவர் சாதாரண மனிதராகிவிடுகிறார். படிப்படியாக என்றும் ஏறிக்கொண்டே செல்லும் ஐரோப்பிய சமயகுருவுக்கு இது முற்றிலும் மாறான நடை. ஒரு நெடுங்கதைக்கு உகந்த நடையும் ஆகும். முருகனையோ முனியாண்டியையோ பெயர் சொல்லி மேசைக்கு இழுக்காமல், அந்த நியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே மரியாதை என்பது என் அபிப்பிராயம்.

மரியாதை என்ற விஷயத்தில் இன்னும் இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. கிள்ளானுக்கு அருகே கேரித் தீவில் மா மெரி மக்கள் தம் மூதாதையரான மொயாங்குகளை முகமூடிகளில் செதுக்கி வழிபட்டு வருகிறார்கள். உயிரோடிருக்கும் ஒரு சமூகத்தின் மூதாதையரைப் பகடைக்கு இரையாகும் பூதங்களாக்கும் உரிமை நமக்கில்லை. இரண்டாவது இதைவிடக் கடுமையானது. நிலத்துக்குத் தொழிலும் தொழிலுக்கு மனிதனும் என்று சொல்லிக்கொண்டே போனால், பிறப்பால் தொழிலை நிர்ணயிக்கும் பழைய கொடுமைக்குள் நம்மையறியாமல் நுழைந்துவிடுவோம். லயத்து வீடுகளில் பிறந்தவரின் பிள்ளையும் லயத்திலேயே கிடக்க வேண்டும் என்றிருந்த காலத்தின் வலி இந்த மண்ணில் இன்னும் ஆறவில்லை. ஆகையால் நம் தேசத்தில் எந்தக் கிளாஸும் பிறப்பால் வராது. நிலம் தொழிலை அளிக்கும், மனிதர் அதை விரும்பி ஏற்பர், விரும்பினால் துறப்பர். இந்த விதியை மட்டும் எந்த மேசையிலும் தளர்த்தலாகாதென்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

ஜெடெக் சியூவும் முன் காவோவும் நம் நாட்டிலிருந்தே ‘எ தௌசண்ட் தௌசண்ட் ஐலண்ட்ஸ்’ என்ற சிறுநூல் வரிசையைச் சமைத்தபோது, கிளாஸ்களையே கையாளாமல், இடங்களையும் அங்கே வாழும் மக்களையும் விலங்குகளையும் மட்டும் வருணித்து, முதலைகளின் தேசம் ஒன்றையும் நமக்குத் தந்தார்கள். அவர்கள் அளவுக்குத் துணிந்து கிளாஸ்களை முற்றிலும் நீக்கிவிட நான் முன்வரவில்லை. புதிதாக ஆட வருகிறவருக்கு ஒரு கைப்பிடி வேண்டும். எனினும் தென்கிழக்காசியாவைத் தன் கண்ணால் பார்த்து எழுதியதென்று சொல்லத்தக்க முதல்தரமான வேலை அது; கிடைத்தால் தேடிப் படியுங்கள்.

மருத நிலத்தின் பாத்திரங்களை இன்னும் நான் அமைக்கவில்லை. தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களை அறிந்தவர்களும், தோட்டங்களில் வாழ்ந்து முடித்த பெரியவர்களை வீட்டில் உடையவர்களும், அங்கே வழங்கிய தொழில்களையும் அவற்றுக்குரிய விலக்குகளையும் நம்பிக்கைகளையும் கேட்டு எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதங்களைக் கொண்டே அடுத்த அத்தியாயத்தை எழுதுவதாயிருக்கிறேன்.