வீட்டில் இசை பதிய ஏற்ற கருவி எது?

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், தகரத்தாள் சுற்றிய உருளை ஒன்றில் மனிதக் குரலைப் பதிந்து காட்டியபோது உலகமே வியந்தது. அதன் பின்னர் நெடுங்காலம் ஒலிப்பதிவு என்பது பெரிய கம்பெனிகளுக்கே உரிய செயலாக இருந்தது. ஒரு பாடலைப் பதிய வேண்டுமாயின் ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு அமர்த்த வேண்டும். மணிக்கணக்குப் பார்த்துப் பணம் கட்ட வேண்டும். இன்றோ வீட்டு மேசையின் மேலிருக்கும் கணிப்பொறியே ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்டது. ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டுப் பயிலும் மாணவியும் வீணை பயிலும் மாணவியும் தம் இசையைத் தாமே பதிந்து, கேட்டு, குறைகளைத் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் கணிப்பொறிக்கு இசை தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும். அதில் உள்ள சிறிய மைக் துளையோ தொலைபேசிப் பேச்சுக்காக அமைந்தது. நல்ல மைக்கின் கம்பி அதில் பொருந்துவதும் இல்லை. எனவே இசைக்கும் கணிப்பொறிக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்படுகிறார். அவரே ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ எனப்படும் சிறு பெட்டி. இதன் விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் செல்கிறது. பெற்றோர் சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில் எதை வாங்குவது? ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்னும் பழமொழியே இங்கு நமக்கு வழிகாட்டி. எந்தெந்த ஒலிகளை ஒரே நேரத்தில் பதியப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மற்றவை தாமே விளங்கிவிடும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் மிக மெல்லியது. இன்டர்ஃபேஸ் முதலில் அதைப் பெருக்குகிறது. பிறகு ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளவெடுத்து எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. நாம் கேட்கும்போது, எண்களை மீண்டும் மின்னோட்டமாக்கி ஹெட்போனுக்குத் தருகிறது.

1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 அளவெடுப்புகள் உள்ளன. ஏன் இந்த எண்? மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அந்த ஒலியைக் குறைவின்றித் திரும்பப் பெறலாம். இவ்வுண்மைக்கு ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் வித்திட்டார். கிளாட் ஷானன் 1949-இல் நிறுவிக் காட்டினார்.

ஒவ்வோர் அளவும் எத்தனை நுட்பமானது என்பதை ‘பிட்’ கணக்கு கூறும். 16 பிட்டில் 65,536 படிகள் உள்ளன. 24 பிட்டில் 1,67,77,216 படிகள். படிகள் மிகுந்திருப்பதால், ஒலியைச் சற்றுத் தாழ்வாகவே பதிந்து பின்னர் உயர்த்தினாலும் இரைச்சல் தலைகாட்டாது. ஆகவே 24 பிட், 48,000 அளவெடுப்பு என்பது வீட்டுப் பதிவுக்குப் போதுமானது. இதில் ஒரு குரல் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் பிடிக்கும். ‘1,92,000’ என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கினால், நான்கு மடங்கு இடம் செலவாகுமேயன்றிக் குரல் நான்கு மடங்கு இனிக்காது.

எத்தனை துளைகள் வேண்டும்?

பெயரிலேயே இதற்கு விடை தரும் கருவிகள் உண்டு. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ‘ஸ்கார்லெட் 2ஐ2’ என்றால் உள்ளே செல்ல 2 வழி, வெளியே வர 2 வழி என்று பொருள். அதே வரிசையில் ‘18ஐ20’ என்றும் ஒன்று உண்டு. 18 மைக் வைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது! அதில் மைக்குக்கு உரியவை 8 மட்டுமே. மற்றவை வேறு கருவிகளிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலிக்கானவை. எனவே மைக் துளைகள் எத்தனை என்று தனியே எண்ண வேண்டும்.

தனியாகப் பாடுபவருக்கு ஒரு துளை போதும். பாடிக்கொண்டே வீணை வாசிப்பவர் இரண்டையும் தனித்தனியே பதிய விரும்பினால் இரண்டு வேண்டும். சிறு கச்சேரி ஒன்றைப் பதிவதானால், வாய்ப்பாட்டுக்கு 1, வயலினுக்கு 1, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் 2, ஆக 4 துளைகள் தேவை. ஒருவர் பின் ஒருவராகப் பதிந்து அடுக்க இசைந்தால், ஒற்றைத் துளைப் பெட்டியிலும் பத்துக் குரல்களைச் சேர்க்கலாம்.

கீபோர்டு வாசிக்கும் தோழியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீபோர்டின் சொந்த ஒலியை இடம், வலம் எனப் பதிய இரு துளைகள் செலவாகும். 1983-இல் வழக்கத்துக்கு வந்த ‘மிடி’ முறையில் இணைத்தாலோ, எந்தக் கட்டை எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்ற செய்தி மட்டுமே செல்லும். ஒலியைக் கணிப்பொறியே எழுப்பிக்கொள்ளும். யு.எஸ்.பி. கம்பியுள்ள கீபோர்டுக்கு இதற்கென இன்டர்ஃபேஸ் வேண்டியதில்லை.

48 வோல்ட்டின் கதை

பல பெட்டிகளில் ‘48 வோல்ட்’ என்றொரு பொத்தான் இருக்கும். கண்டென்சர் வகை மைக்குக்கு மின்சாரம் வேண்டும். அதை மைக் கம்பி வழியாகவே அனுப்பும் ஏற்பாடு இது. 1966-இல் நோர்வே நாட்டு வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் மைக் செய்து தந்தது. குளிர்காலத்தில் பகலிலும் இருள் சூழும் நாடாகையால், அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டனர். அன்று விளக்குக்காக இருந்த எண்ணே இன்று உலகெங்கும் வழங்குகிறது.

மேடைகளில் நாம் காணும் ஷூர் எஸ்.எம். 58 போன்ற டைனமிக் மைக்குக்கு இந்த மின்சாரம் தேவையில்லை. ஆனால் அதன் ஒலி மெல்லியது. எனவே பெட்டியின் பெருக்கும் திறன் 60 டெசிபல் அளவிலாவது இருப்பது நல்லது. மென்மையான குரலுடையோர் இதை மறத்தலாகாது.

தாளம் தவறாதிருக்க

கணிப்பொறி எண்களைச் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டி வாங்கும். இம்மூட்டைக்கு ‘பஃபர்’ என்று பெயர். ஒரு மூட்டையில் 1,024 அளவெடுப்புகள் என்றால், உள்ளே செல்ல 21 மில்லி நொடி, திரும்பி வர 21 மில்லி நொடி, மொத்தம் 42 ஆகிறது. நம் குரல் இவ்வளவு தாமதித்து ஹெட்போனில் ஒலித்தால், 14 மீட்டருக்கு அப்பால் நின்று தாளம் போடுபவரைக் கேட்டுப் பாடுவது போலாகும். லயம் நிற்குமா? பஃபரை 128 ஆகக் குறைத்தால் தாமதம் எட்டில் ஒரு பங்காகிவிடும்; ஆனால் கணிப்பொறிக்கு வேலை கூடும். பழைய கணிப்பொறி வைத்திருப்போர் அஞ்ச வேண்டாம். ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற வசதியுள்ள பெட்டியை வாங்கினால், கணிப்பொறிக்குச் செல்லாமலே நம் குரல் உடனுக்குடன் காதில் விழும்.

விண்டோஸ் கணிப்பொறிக்கு, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் வகுத்த ‘ஏசியோ’ முறையில் இயங்கும் டிரைவர் மென்பொருளைப் பெட்டியின் தயாரிப்பாளரே தருகிறாரா என்று கேட்டறிய வேண்டும். யு.எஸ்.பி. 2.0 என்பது பழையதாயிற்றே என்ற கவலை வேண்டாம். அது நொடிக்கு 480 மெகாபிட் சுமக்கும். நம் ஒரு குரலுக்குத் தேவை 1.2 மெகாபிட்டுக்கும் குறைவே. ‘ஃபயர்வயர்’ என்ற பழைய இணைப்புள்ள பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது. புதிய கணிப்பொறிகளில் அதற்குத் துளையே இல்லை.

வீட்டு இரைச்சல்

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஒலிபெருக்கி ஒரு பிளக்கிலும் மடிக்கணினியின் சார்ஜர் வேறொரு பிளக்கிலும் இருந்தால், சில சமயம் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் எழும். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் பெட்டியின் மீது குற்றமில்லை என அறியலாம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் இணைத்தல் பெரும்பாலும் பயன் தரும். எர்த் முனையை நீக்கிவிடுவது மட்டும் ஒருபோதும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

பணத்தைப் பங்கிடும் முறை

விலை குறைந்த பெட்டிகளும் இன்று ஒலியை நன்றாகவே மாற்றித் தருகின்றன. ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் பெட்டிக்கே கொட்டுதல் தகாது. மைக், அதன் தாங்கி, காதை மூடும் ஹெட்போன் இவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். ஒரே குரலை மட்டும் பதிபவர், பெட்டியும் மைக்கும் ஒன்றாயமைந்த யு.எஸ்.பி. மைக் ஒன்றை வாங்கினாலே போதும். காசில்லாமலே செய்யக்கூடிய சீர்திருத்தம் ஒன்றும் உண்டு. மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, துணிமணிகளும் மெத்தையும் உள்ள அறையில் அமர்ந்து பாடுங்கள்; எதிரொலி அடங்கிவிடும்.

பதியும்போது மிக உரத்த இடத்திலும் அளவுமுள் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கட்டும். உச்சத்தைத் தொட்டால் ஒலியலையின் தலை வெட்டுண்டுவிடும். வெட்டுண்டதை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. நம் பாட்டை நாம் மறுபடி பாடிக்கொள்ளலாம். ஆனால் நம் இல்லங்களில் தாலாட்டும் நடவுப் பாட்டும் அறிந்த பாட்டிமார் இருக்கிறார்கள் அல்லவா? எழுத்தில் வராத அப்பாடல்கள் அவர்கள் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் பாடும் ஒரு மாலைப் பொழுது திரும்பி வரும் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே தோழியரே, வாங்குமுன் ஒரு தாளில் மூன்று வினாக்களை எழுதுங்கள். யாருடைய ஒலியைப் பதியப் போகிறேன்? ஒரே நேரத்தில் எத்தனை மைக் வேண்டும்? என் கணிப்பொறி அதை ஏற்குமா? இவற்றுக்கு விடை எழுதிய பின் கடைக்குச் செல்லுங்கள். இரண்டு துளையுள்ள எளிய பெட்டியும் அமைதியான அறையும் இருந்தால், இந்த விடுமுறையிலேயே பாட்டியின் குரலில் தொடங்கலாம்.